பெயர் கூப்பிடும் நேரம்

டயர் பஞ்சர் ஆனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டெப்னியில் காற்றில்லாமல் போனது நிபால்டோவின் குற்றம்தான். அதை யஸ்னா இக்கிகே நகர எல்லை தாண்டியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

“ஒரு வேலை சொன்னேன்டா உன்கிட்ட. ஒரே ஒரு வேலை.”

“விடுக்கா. செத்தவங்க எங்க எழுந்து ஓடிடப் போறாங்க?”

“அவங்க ஓட மாட்டாங்க. பஸ்ஸு ஓடிடும்.”

பஸ் ஓடித்தான் போயிருந்தது. நவம்பர் முதல் தேதி வந்தால் சான் எவரிஸ்டோவின் பழைய குடும்பங்கள் பஸ் பிடித்துக்கொண்டு பாலைவனத்துக்கு வந்துவிடும். வெடியுப்பு வெட்டிய ஊர் அது. உப்புக்கு விலை போனதும் ஆட்களும் போய்விட்டார்கள். கல்லறைகளை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை வந்து சிலுவைகளுக்குப் பெயின்ட் அடித்து, காகிதப் பூ மாற்றி, பெயர் கூப்பிட்டு, சாப்பிட்டுவிட்டு, கடல்பனி ஏறுவதற்கு முன் கிளம்பிவிடுவார்கள். அக்கா தம்பி இருவரும் கல்லறை வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஆரஞ்சுத் தோல்களும் பஸ் சக்கரத் தடமும்தான் மிச்சம். ஒரு சிலுவையைத் தொட்ட நிபால்டோவின் விரலில் நீலப் பெயின்ட் ஒட்டிக்கொண்டது.

“இன்னும் காயவே இல்ல. இப்பதான் போயிருக்காங்க.”

“உன்னாலதான்.”

“ஆமா தாயே, என்னாலதான். பிரஷ்ஷைக் கொடு.”

யஸ்னாவின் கோபத்துக்கு உண்மையான காரணம் டயர் இல்லை. ஆகஸ்டில் அம்மா போய்விட்டாள். எர்மினியா என்ற அந்த மனுஷி ஒரு வருஷம்கூட இந்தப் பயணத்தைத் தவற விட்டதில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சு நிற்பதற்கு முன்னால் சொன்னதும் இதைத்தான்: “தாத்தாவுக்குப் பூ மாத்திடுங்க. பஸ்ஸோட போங்க, பஸ்ஸோட திரும்பிடுங்க.” முதல் வருஷமே அம்மா சொன்னதில் பாதி தவறிவிட்டது என்று யஸ்னாவுக்கு நெஞ்சு எரிந்தது.

தாத்தா எலூத்தேரியோ சோக்கே. குழியில் வெடிமருந்து முந்திக்கொண்டதில் செத்தவர். அவருடைய சிலுவையில் போன வருஷத்துப் பூக்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அம்மா மாவுப் பசையில் ஒட்டிக் கம்பி முறுக்கிச் செய்த பூக்கள். யஸ்னா அவற்றைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். எறிய மனம் வரவில்லை. தான் செய்த கோணல் பூக்களை மாட்டினாள்.

“அக்கா, இது ரோஜாவா, முட்டைக்கோஸா?”

“வாயை மூடிட்டு அடி. பொறக்கப் போற உன் புள்ளைக்குத் தொட்டில்ல கட்ட இதே மாதிரிதான் செஞ்சு தருவேன்.”

நிபால்டோ சிரித்தான். மனைவி மிர்த்தாவுக்கு ஜனவரியில் பிரசவம். துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவன், இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறான்.

அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது.

“ரமோன் கிஸ்பே!”

“ஆஜர்!”

“செகுந்தோ அராயா!”

“ஆஜர்!”

இருவரும் நிமிர்ந்தார்கள். கல்லறைக்கும் ஊருக்கும் நடுவே வெறும் தரை. அதற்கப்பால் கூரையில்லாத தொழிலாளர் வரிசை வீடுகள், கல் உடைக்கும் ஆலையின் எலும்புக்கூடு, வெளிச்சத்தில் நடுங்கும் தகரங்கள்.

“பெர்மின் மாமாவேதான்!” என்றான் நிபால்டோ. “இன்னும் போகல. பெயர் கூப்பிடுறதை ஊருக்குள்ள வச்சுக்கிட்டாங்க போல.”

சங்கத்துக்காரர் பெர்மின்தான் வருஷா வருஷம் இறந்தவர்களின் பெயர்களைக் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் மொத்தமாக “ஆஜர்!” என்று கத்தும். அதற்கு ஒரு நொடி முன்னால் அம்மாவின் செருமல் கேட்கும். தொண்டையைச் சரிசெய்துகொள்ளாமல் அவளால் ‘ஆஜர்’ சொல்ல முடியாது. “அம்மா எஞ்சினை ஸ்டார்ட் பண்றாங்க” என்று சின்ன வயதில் இருவரும் கிண்டல் செய்வார்கள்.

ஆனால் இப்போது கேட்டது கூட்டம் இல்லை. ஒரு பெயருக்கு ஒரு குரல். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆணின் குரல். சோர்ந்துபோன, புழுதி அடைத்த குரல்.

“எலூத்தேரியோ சோக்கே!”

பதில் இல்லை.

“எலூத்தேரியோ சோக்கே!”

“பாருக்கா, எல்லாரும் ஆஜர், நம்ம தாத்தா மட்டும் மட்டம் போட்டுட்டாரு,” என்ற நிபால்டோவின் முகத்தில் சிரிப்பு மெல்ல அணைந்தது. “அம்மா இல்லன்னதும் அவருக்குப் பதில் சொல்ல ஒரு நாதி இல்லையா?”

“எலூத்தேரியோ சோக்கே!”

நிபால்டோ இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டான்.

“டேய், வேண்டாம்…”

“ஆஜர்!”

அந்தச் சத்தம் வெற்றுத் தரையைத் தாண்டிப் போனது. ஊரில் தகரங்கள் ஆடுவது நின்றது. பிறகு பெயர் கூப்பிட்ட குரல் திருப்தியோடு அடுத்த பெயருக்குப் போனது.

யஸ்னா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். “தனியாச் சொல்லக் கூடாதுன்னு அம்மா தலைபாடா அடிச்சுக்குவாங்களேடா. மறந்துட்டியா?”

சின்ன வயதில் கூட்டத்துக்கு முந்திக்கொண்டு கத்தப் போனால் அம்மா வாயைப் பொத்திவிடுவாள். காரணமும் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால், வேலை போய்விடாமலிருக்க வீட்டிலிருந்து தம்பியோ மகனோ முற்றத்தில் போய் நின்று அவன் பெயருக்கு ‘ஆஜர்’ சொல்வான். மேஸ்திரி முகத்தைப் பார்க்க மாட்டான். அவனுக்கு ஆள் கணக்கு சரியாக இருந்தால் போதும். யார் வாய் திறந்ததோ அவன் அன்றைக்குக் குழியில் இறங்க வேண்டும். ஷிப்ட் மாறும்வரை வாசலைத் தாண்ட முடியாது.

“அதெல்லாம் அம்மா கதைக்கா. வா, மாமாவைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கிளம்புவோம்.”

சான் எவரிஸ்டோவுக்கு வாசல் என்று இரண்டு கல்தூண்கள் மட்டும்தான் பாக்கி. வண்டியை அதன் வழியே உள்ளே ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆலைக்கு எதிரே முற்றம். அங்கே பெர்மின் இல்லை. பஸ் இல்லை. காற்று வரிவரியாக அடுக்கி வைத்த மணல் கலையாமல் கிடந்தது. ஒரு காலடிகூட இல்லை.

“மாமா?” என்றான் நிபால்டோ, கொஞ்சம் மெதுவாக.

கந்தகமும் வியர்வையும் கலந்த வாடை அடித்தது. இப்போதுதான் ஆட்கள் எழுந்து போன அறையில் அடிப்பது போன்ற வாடை. யஸ்னா திரும்பி வண்டியில் ஏறினாள்.

“ஏறு. போயிடலாம்.”

அவன் ஏறினான். அதை அவள் பார்த்தாள். கதவைச் சாத்தினான், பெல்ட் போட்டான், பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டான். “மிர்த்தாகிட்ட இதைச் சொல்லிடாதக்கா, பயந்துடுவா. போற வழியில சூடா எம்பனாதா வாங்கித் தின்னுட்டுப் போயிடலாம், நம்ம…”

பேச்சு பாதியில் நின்றது. தூண்கள் இப்போதுதான் இரண்டு பக்கமும் கடந்திருந்தன.

“நம்ம, என்னடா?”

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

பெல்ட் போட்டபடியே இருந்தது. டீ கோப்பை சீட்டில் சாய்ந்து, ஆவி பறக்கும் டீ கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

யஸ்னா பிரேக்கை மிதித்த வேகத்தில் வண்டி குறுக்கே திரும்பி நின்றது. தூண்களுக்கு அப்பால், உள்ளே, நிபால்டோ நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் ஓடினாள்.

“உனக்கு என்ன பைத்தியமா?” என்று கத்தினான் அவன். “கதவைத் திறக்கறதுக்குள்ள என்னை விட்டுட்டுப் போற!”

“நீ ஏறுனடா. எங்கூடப் பேசிட்டு வந்த. எம்பனாதா வாங்கணும்னு சொன்ன.”

“நான் ஏறவே இல்லக்கா.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

யஸ்னா கழுத்துத் துணியை அவிழ்த்துத் தன் இடது மணிக்கட்டையும் அவன் வலது மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினாள். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். “நடந்தே போவோம். கையை விடாத. ஏதாவது பேசிக்கிட்டே வா.”

“என்ன பேச?”

“புள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போற?”

“பொண்ணுன்னா எர்மினியா. அம்மா பேரு. பையன்னா… மிர்த்தா ஒரு பேரு சொன்னா, எனக்குப் பிடிக்கல. அது என்னன்னா…”

அவன் விரல்கள் அவள் விரல்களுக்குள் சூடாக இருந்தன. தூணின் நிழலைத் தாண்டினாள்.

கை லேசானது.

முடிச்சு அவிழவில்லை. அவளுடைய மணிக்கட்டில் ஒரு வளையம். அதன் பக்கத்தில், காலியாக, இன்னொரு வளையம்.

இந்த முறை அவன் வாசலருகே இல்லை. பெயர் சொல்லிக் கத்தியபடி வரிசை வீடுகளுக்கிடையே ஓடினாள். கதவில்லாத ஒவ்வொரு வாசலும் அவளுடைய குரலை விழுங்கிக்கொண்டது. ஆலையைத் தாண்டி, உப்புக்கழிவு மலையாகக் குவிந்து கிடந்த இடத்தில் அவனைக் கண்டாள். தரையில் உட்கார்ந்திருந்தான். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளைப் புழுதி. அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிய கைகளைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சில உடைந்து ரத்தம் கசிந்தது.

“என்னடா இது? என்ன செஞ்ச?”

“மண்வெட்டி பிடிச்சேன்.” ரொம்ப யோசித்துச் சொன்னான். “நீ வரவே இல்ல. ரொம்ப நேரமாச்சு. வேலை முடியலன்னா விட மாட்டேங்கறாங்க.”

“யாருடா?”

அவன் அவளுடைய தோளுக்குப் பின்னால் பார்த்தான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், மேஸ்திரி முன்னால் தாழ்த்துவதுபோல.

யஸ்னா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தன் கால்கள் தன்னை விட்டு ஓடிவிடும் என்று பயந்தாள். அவளால் இங்கிருந்து போக முடியும். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது. வண்டியில் சாவி இருக்கிறது, சாலை திறந்து கிடக்கிறது, யாரும் அவளைத் தடுக்கவில்லை. தம்பியை மட்டும்தான் ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் பிறக்கப் போகும் பிள்ளையிடம் என்ன சொல்வது? உன் அப்பா ஒரு வார்த்தை சொன்னான், அதனால் வரவில்லை என்றா?

மேற்கே வெளிச்சம் பழுத்தது. மலையின் விளிம்பைத் தாண்டிக் கடல்பனி இறங்க ஆரம்பித்தது. முதலில் கல்லறை மறைந்தது. பிறகு தூண்கள். பிறகு வண்டி.

பனிக்குள் ஒரு சங்கு ஊதியது.

ஆலையில் சங்கு இல்லை. யஸ்னாவின் அம்மா கல்யாணம் ஆகிப் போவதற்கு முன்பே அதைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள்.

நிபால்டோ எழுந்து நின்றான். “ஷிப்ட் மாறுது,” என்றான், சாதாரணமாக. முற்றத்தை நோக்கி நடந்தான். அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள், சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். அவளையும் இழுத்துக்கொண்டே போனான். சுற்றிலும் பூட்ஸ் காலடிகள். பனியில் உருவம் எதுவும் தெரியவில்லை. மூச்சுகள் மட்டும் கேட்டன. இழுத்து இழுத்து விடும், நுரையீரல் நிறையப் புழுதி கொண்ட மூச்சுகள். அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. நிபால்டோவும் நின்றான்.

அம்மா சொன்னது யஸ்னாவுக்கு நினைவில் ஓடியது. யார் வாய் திறக்கிறதோ அவன் இறங்க வேண்டும். முகத்தைப் பார்க்க மாட்டான். கணக்கு சரியாக இருந்தால் போதும்.

“ரமோன் கிஸ்பே!”

“ஆஜர்.”

அது அவளுடைய காதருகே ஒலித்தது.

“செகுந்தோ அராயா!”

“ஆஜர்.”

யஸ்னா இரண்டு கைகளாலும் தம்பியின் வாயைப் பொத்தினாள். அவனுடைய தாடை அவளுடைய உள்ளங்கைக்குள் அசைந்தது. அவன் கண்கள் அவளைப் பார்த்துக் கெஞ்சின. கையை எடுக்காதே என்று கெஞ்சின. வாய் மட்டும் அவனுடையதாக இல்லை.

“எலூத்தேரியோ சோக்கே!”

பற்கள் அவளுடைய கையைக் கடித்தன. அவள் விடவில்லை.

“எலூத்தேரியோ சோக்கே!”

ரத்தம் மணிக்கட்டில் வழிந்தது. மூன்றாவது முறைவரை தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு வழியும் தெரிந்தது. எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சலவைக் கடை ஒன்றுதான், அதைப் பூட்டிவிட்டால் தெரு அழாது. அப்படி நினைத்தபோது அவளுக்கு வீரம் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடக்க முடியாத ஏக்கம்தான் வந்தது. ஆனாலும் மூச்சை உள்ளே இழுத்தாள்.

“எலூத்தேரியோ சோக்கே!”

யஸ்னா வாயைத் திறந்தாள்.

அவளுக்கு முந்திக்கொண்டு, பக்கத்தில், யாரோ செருமினார்கள்.

சின்னச் செருமல். தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் செருமல்.

“ஆஜர்.”

மாவுப் பசையின் புளித்த வாசனையும், நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் யூகலிப்டஸ் தைலத்தின் வாசனையும் அவளுடைய கன்னத்தை உரசிக்கொண்டு போயின. வரிசை நகர்ந்தது. பூட்ஸ் காலடிகள் குழிப் பக்கம் திரும்பின. அவற்றுக்கு நடுவே, செருப்புப் போட்ட ஒரு ஜோடிக் கால்கள் மட்டும் தேய்ந்து தேய்ந்து நடந்து போவது வெகுநேரம் கேட்டது.

நிபால்டோவின் தாடை தளர்ந்தது. “அக்கா,” என்றான். அது அவனுடைய சொந்தக் குரல்.

கையைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் தட்டுத் தடுமாறி ஓடினார்கள். தூண் தோளில் இடித்தது. அதைத் தாண்டினார்கள். அவளுடைய கைக்குள் அவன் கை இருந்தது. வண்டியில் ஏறினார்கள். நெடுஞ்சாலையின் லாரி விளக்குகள் தெரியும்வரை யஸ்னா பக்கத்து சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் அங்கேயே இருந்தான், கொப்புளக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதுகொண்டு.

“அம்மாவை விட்டுட்டு வந்துட்டோம்க்கா.”

“பேசாம வா.”

“திரும்பிப் போலாம்க்கா. அம்மா அங்க…”

“பேசாம வாடா!”

அவள் வண்டியை நிறுத்தவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவள் தன்னைப் பிறகு ஒருநாளும் மன்னிக்கவில்லை. ஆனால் மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தாலும் நிறுத்தமாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஜனவரியில் பெண் பிறந்தது. எர்மினியா என்று பெயர் வைக்கலாம் என்று மிர்த்தா சொன்னபோது நிபால்டோ எழுந்து வெளியே போய்விட்டான். குழந்தைக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

அடுத்த நவம்பரில் இருவரும் பஸ்ஸில் வந்தார்கள், எல்லோருக்கும் முதல் ஆளாக ஏறி. தாகத்தோடு போனவர்களுக்கு வைப்பதுபோல அம்மாவுக்காகத் தண்ணீர் பாட்டில்கள் கொண்டுவந்து, ஊர்ப் பக்கம் பார்த்துக் கல்லறைச் சுவரின் மேல் வரிசையாக வைத்தார்கள். நல்ல வெயில். எங்கும் பெயின்ட் வாசனை, வறுத்த இறைச்சி வாசனை, கிழவர்களின் வம்புப் பேச்சு. பெர்மின் பெரியவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் “ஆஜர்!” என்று அதிர்ந்தது.

இருவரும் பஸ்ஸிலேயே பேசி வைத்திருந்தார்கள். கூட்டத்தோடு சேர்ந்துகூடச் சொல்வதில்லை. அவரவர் வாயை அவரவர் நம்புவதும் இல்லை. தாத்தாவின் முறை நெருங்கியபோது யஸ்னா தம்பியின் வாயைப் பொத்தினாள். நிபால்டோ அவளுடைய வாயைப் பொத்தினான்.

“எலூத்தேரியோ சோக்கே!”

“ஆஜர்!” என்றது கூட்டம்.

சத்தம் அடங்கியது. பெர்மின் அடுத்த பெயருக்கு மூச்சு இழுத்தார். அந்த இடைவெளியில், எல்லோருக்கும் பிந்தி, ஒரு செருமல் கேட்டது.

“ஆஜர்.”

ஒற்றைக் குரல். சோர்ந்து, புழுதி அடைத்துப் போன பெண்குரல்.

முன்வரிசையில் நின்ற தோரிலா அத்தை, அம்மாவின் பழைய சினேகிதி, கண் கலங்க முகம் கொள்ளாத சிரிப்போடு திரும்பினாள். “யஸ்னா, அப்படியே உங்கம்மா குரலும்மா உனக்கு! செருமல்கூட அதே மாதிரி,” என்றாள். “ஆனா தொண்டை இப்படி வறண்டு கிடக்குதே. ரெண்டு வாய் தண்ணி குடியேன்.”

நிபால்டோவின் கை இன்னும் யஸ்னாவின் வாயின் மேல்தான் இருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள். முதல் பாட்டிலில் தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.